பணி முடித்துச் சென்றார்

முப்பத்து மூன்று வருடம் தீயணைப்புப் பணியில் இருந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். பெயர் சங்கரலிங்கம். வேலை பார்த்ததில் பெரும்பகுதி கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு நிலையங்களில்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "எத்தனை பேரைக் காப்பாத்தியிருப்பீங்க?" என்று கேட்பார்கள். நானும் இரண்டு மூன்று சம்பவங்களைச் சொல்வேன். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் பிடித்த தீயில் கூரை ஓட்டைப் பிரித்து நாலு பெண்களை இறக்கியது, கயத்தாறு ரோட்டில் பஞ்சு லாரி பற்றியெரிந்தபோது பக்கத்து டீசல் பங்க்கைக் காத்தது. எல்லாம் நடந்தவைதான். கேட்கிறவர் இன்னொரு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "பெரிய புண்ணியம்" என்பார். நான் தலையாட்டிக்கொள்வேன்.

சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. பதினோரு வருடம் என் கையில் இருந்த ஒரு பதிவேட்டைப் பற்றியது அது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணி ஏறினோம், குழாய் சுருட்டினோம், நாற்காலி முடிச்சுப் போட்டோம். முடிச்சு சரியில்லை என்று தோன்றினால் போட்டவனையே அதில் உட்கார வைத்து மாடியிலிருந்து இறக்குவார் பயிற்றுநர். ஒரு முறை இறங்கினால் அப்புறம் முடிச்சு தப்பாது. பதிவேடு எழுதுவதை மட்டும் யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

முன்னணித் தீயணைப்பாளராகப் பதவி உயர்வு வந்து, நான் சொல்லப்போகிற நிலையத்துக்கு மாற்றலாகி வந்ததும் பதிவேடு என்னிடம் வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். 

காலை எட்டு மணிக்கு மணி அடிக்கும். முந்தின நாள் எட்டு மணியிலிருந்து இருந்த அணி ஒரு வரிசையிலும், புதிதாக வந்த அணி எதிர் வரிசையிலும் நிற்கும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வண்டியை ஒப்படைக்க வேண்டும். குழாய் எத்தனை, கயிறு எங்கே, ஏணியின் கொக்கி சரியா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். அதன் பிறகு நான் உள்ளே போய் எழுதுவேன். 'காலை 8.00. ஓட்டுநர் இன்னார் பணி முடித்துச் சென்றார். காலை 8.00. ஓட்டுநர் இன்னார் பணி ஏற்றார்.' அவ்வளவுதான்.

இருபத்து நாலு மணி நேரம் வேலை, இருபத்து நாலு மணி நேரம் ஓய்வு. இதுதான் எங்கள் நிலையத்து முறை. மாற்று ஆள் வரவில்லையென்றால் இருக்கிறவன் போக முடியாது. அப்படி ஒருவன் தொடர்ந்து நிற்க நேர்ந்தால் 'தொடர் பணி' என்று சிவப்பு மையில் எழுதி, மாவட்ட அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். ஓட்டுநராக இருந்தால் அவர்கள் வேறு நிலையத்திலிருந்து ஓர் ஆளை அனுப்புவார்கள். நின்றவனுக்கு அந்த வாரத்துக்குள் ஈடு விடுப்பு கொடுத்தாக வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறவர்கள் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி கேட்கலாம். எங்களுக்கு மிகை நேரச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் நின்றாலும் நாலு நாள் நின்றாலும் மாதச் சம்பளம் அதேதான். ஆகவே அந்தச் சிவப்பு வரி ஒன்றுதான் எங்களுக்கு இருந்த காவல்.

நான் வைத்திருந்த காலத்தில் அந்தச் சிவப்பு மைப் பேனா ஒரு தடவை கூடத் தீர்ந்ததில்லை.

அப்போது நிலைய அலுவலராக இருந்தவர் அருணாசலம் சார். சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. யாரையும் 'ஏலே' என்று கூப்பிட மாட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன மஞ்சள் துணி வைத்திருப்பார். பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி அதில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரில் இருப்பவன் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நமக்கே தெரிந்துவிடும். நானும் ஆரம்பத்தில் இரண்டு தடவை 'தொடர் பணி' என்று எழுதிக் காட்டினேன். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மாவட்டத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இரண்டாவது தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "லிங்கம், பதிவேடு அழுதா யாரு கண்ணைத் தொடைக்கப் போறா?" என்றார். பிறகு ஒரு புது நீல மைப் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பொய் எழுது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அதை இப்போது யோசிக்கும்போது, அவர்மேல் பழியைப் போடவும் எனக்கு வழியில்லாமல் இருக்கிறது. எழுதியது நான். அவர் கீழே ஒரு சுருக்கொப்பம் போடுவார்; "உங்க கையெழுத்தைப் பாத்தா கோயில் கல்வெட்டு மாதிரி இருக்கு" என்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்கு அவருடைய குறிப்பு வேண்டியிருந்தது.

அங்கே எங்களுக்கு இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர். அதில் ஒருவர் பீர் முகமது. கயத்தாற்றுக்காரர். நாங்கள் பாய் என்போம். என்னைவிட இரண்டு வயது குறைவு. என்னை அண்ணாச்சி என்பார். வண்டியை ஒரு கர்ப்பிணியைக் கூட்டிப்போவது போல ஓட்டுவார். கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மண் சக்கரத்தில் அப்பி, சக்கரமே உருளையாகிவிடும். பிரேக் போட்டால் வண்டி நாம் சொன்ன பக்கம் போகாது. பாய் அதற்கென்று ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தார். வண்டி நின்றதும் இறங்கி, யாரும் சொல்லாமல், சக்கரத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

நோன்புப் பெருநாளுக்கும் பக்ரீதுக்கும் நாங்கள் அவரை வீட்டுக்கு அனுப்புவோம். அதற்குப் பதிலாகத் தீபாவளிக்கு அவர் நிற்பார். யாரும் போட்ட விதியில்லை, அவராகச் சொன்னது. "உங்க பிள்ளையள் வெடி வெடிக்க உங்களை எதிர்பாத்துக்கிட்டிருக்கும், போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்பார்.

அந்த வருடம் தீபாவளி புதன்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாய் பணி ஏற்றார். அன்று மத்தியானமே மாவட்டத்திலிருந்து போன் வந்தது. பட்டாசுக் கடைகள் அதிகம் உள்ள வேறு ஊருக்கு ஒரு வண்டியும் ஒரு ஓட்டுநரும் உடனே போக வேண்டும். வாய்மொழி உத்தரவுதான், தாளில் வராது. இன்னொரு ஓட்டுநர் வீட்டிலிருந்து நேராக வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கள் காலை எட்டு மணிக்குப் பாயை மாற்ற ஆள் இல்லை.

அருணாசலம் சார் கண்ணாடியைத் துடைத்தார். "லிங்கம், உங்ககிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்து, புதுப்பித்துக்கொண்டே வந்தேன். வண்டியை எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. நான் தலையாட்டினேன். உள்ளே போய் எழுதினேன். 'காலை 8.00. ஓட்டுநர் பீர் முகமது பணி முடித்துச் சென்றார். வண்டிப் பொறுப்பு: மு.தீ. சங்கரலிங்கம்.' ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாய் கொட்டகையில் வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, 'பீர் முகமது பணி ஏற்றார்.' புதன்கிழமை தீபாவளி, மறுபடியும் 'பணி முடித்துச் சென்றார். வண்டிப் பொறுப்பு சங்கரலிங்கம்.' இதை எழுதிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். அன்று முழுக்க வைக்கோல் படப்பு, குடிசை, குப்பைமேடு என்று அழைப்புக்கு மேல் அழைப்பு. எல்லாவற்றுக்கும் வண்டியை எடுத்தவர் பாய். வண்டியின் ஓட்டக் குறிப்பேட்டில் ஓட்டுநர் கையெழுத்து என்ற இடத்தில் சாயங்காலம் திரும்பி வந்து நான் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். நான் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குறிப்பேட்டின்படி ஒரு படப்புத் தீக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை அணிவகுப்பு முடிந்ததும் பாய் என் மேஜைக்கு வந்தார். கண் இரண்டும் செவசெவ என்று இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"அண்ணாச்சி, கண்ணைத் தொறக்க முடியல. மொளகாப்பொடி தூவுன மாதிரி எரியுது. இன்னைக்கு மட்டும் செவப்பு மையில எழுதிருங்க. மாவட்டத்துல இருந்து ஒரு ஆளை அனுப்பட்டும்."

"எப்படி பாய் எழுத? நேத்து ஓய்வுன்னு எழுதியாச்சே."

"அப்பம் நீங்க ஒரு நாள் எடுங்க. லைசென்ஸ் இருக்குல்லா. நான் பின்னால உக்காந்து வாரேன்."

எனக்குப் பயம். ஈரக் கரிசலில் நாலாயிரம் லிட்டர் தண்ணீரோடு அந்த வண்டியை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க பாய். சாயங்காலம் அந்த டிரைவர் வண்டியோட வந்துருவான்" என்றேன். அவர் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். நான் எழுதினேன். 'காலை 8.00. பீர் முகமது பணி ஏற்றார்.'

பத்தரை மணி சுமாருக்குப் புதூர் பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு. தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் பழுது பார்க்க இறங்கிய ஒருவர், கயிறு அறுந்து விழுந்துவிட்டார். மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. நீச்சல் தெரியாது. மோட்டார்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், உயிரோடு இருக்கிறார். படிக்கட்டு இல்லாத கிணறு. ஆளைத் தாங்குகிற வேறு கயிறு ஊரில் இல்லை. நான், பாய், பின்னால் நாலு பேர். இரண்டு நிமிடத்தில் வண்டி வெளியே வந்தது.

மணியை அடித்துக்கொண்டே போனோம். ஊரைத் தாண்டியதும் பாய் சொன்னார். "பேசிக்கிட்டே வாங்க அண்ணாச்சி. எதையாவது பேசுங்க."

நான் பேசினேன். அவருடைய மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள்; அதைப் பற்றிக் கேட்டேன். மாப்பிள்ளை கடம்பூரில் கடை வைத்திருக்கிறார் என்றும், பேச வந்தபோது ஒரு கூடை நிறையப் போளி கொண்டுவந்தார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். பாதி வழியில் அந்த ஊரிலிருந்து என் போனுக்கு அழைத்தார்கள். எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுமுனையில் பெண்கள் அழுகிற சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. "உரக்கச் சொல்லுங்க, உரக்கச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. பாயிடம் பேசுவதை நான் நிறுத்தியிருந்தேன்.

வண்டி சாலையை விட்டு இறங்கியபோது அவர் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். அலறினேன். அவர் விழித்துத் திருப்பினார். திரும்பியது வண்டியின் முகம் மட்டும்தான். உளுந்து விதைத்திருந்த நிலத்துக்குள் வழுக்கிப் போய், ஒரு பக்கமாகச் சரிந்து, அச்சுவரை புதைந்து நின்றது. பின்னால் இருந்த ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

கயிற்றையும் மிதவை வளையத்தையும் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் நின்றோம். தீபாவளிக்கு மறுநாள், ஒரு வண்டி வரவில்லை. கடைசியில் ஒரு டிராக்டர் கிடைத்தது. நாங்கள் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது அழைப்பு வந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே கூட்டம் சத்தமில்லாமல் நின்றது. அதிலிருந்தே தெரிந்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு முன்னால் கை விட்டிருக்கிறது என்றார்கள்.

நான்தான் இறங்கினேன். நாற்காலி முடிச்சில் அவரை உட்கார வைத்து மேலே அனுப்பினேன். கருப்பசாமி என்று பெயர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு உள்ளங்கையும் குழாயின் துரு அப்பிச் சிவந்திருந்தன.

நான் மேலே ஏறி வந்தபோது பாய் தள்ளாடிக்கொண்டு வரப்பில் நின்றார். உடம்பெல்லாம் சேறு, சிவந்த கண். கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "பாருங்கல, நிக்க முடியல. தீவாளித் தண்ணி இன்னும் எறங்கல போல." இன்னொருவர் அவர் சட்டையைப் பிடித்தார். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். பாய் என்னைத்தான் பார்த்தார். ஆயுளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் அவர் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாக அவர் படுக்கவில்லை என்று அந்தக் கூட்டத்துக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். நான் குனிந்து கயிற்றைச் சுருட்டினேன்.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அருணாசலம் சாரின் அறையில்தான் நடந்தது. பதிவேடும் ஓட்டக் குறிப்பேடும் மேஜையில் விரித்திருந்தன.

"தீபாவளி அன்னைக்கு முழுநாள் ஓய்வுல இருந்திருக்கீங்க. திங்கக்கிழமையும் ஓய்வு. வீட்டுல தூங்காம என்ன செஞ்சீங்க?" என்று பாயைக் கேட்டார்.

"நான் வீட்டுக்கே போகல சார். ஞாயித்துக்கிழமை வந்தவன் இங்கனயேதான் இருந்தேன்."

"பதிவேடு அப்படிச் சொல்லலையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான எழுதுனது? இதுல இருக்கறது உண்மையா?"

அருணாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட, அவர் மிரட்டினார் என்று நான் இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

"உண்மைதான் சார்" என்றேன்.

பாயின் மூன்று வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கிற வகை அல்ல. அந்தக் குறைவு கடைசிச் சம்பளம்வரை, பிறகு ஓய்வூதியம்வரை கூடவே வரும் வகை. கடற்கரையோரம் தூரத்தில் ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று எல்லோரிடமும் கை கொடுத்தார். என்னிடமும் கொடுத்தார். அந்த இரும்புக் கம்பியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

எனக்கு அடுத்த வருடமே பதவி உயர்வு வந்தது. அருணாசலம் சார் ஓய்வு பெற்றபோது மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அவர் காலமாகிவிட்டார். நான் நிலைய அலுவலரான பிறகு என் கீழே வேறொருவர் பதிவேடு எழுதினார். அவரிடம் நான் சிவப்பு மையில் எழுதச் சொன்னேனா என்று கேட்கலாம். சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அவர் கொண்டுவந்து வைத்ததில் சுருக்கொப்பம் போட்டேன்.

இது இப்படியே என்னோடு போயிருக்கும். போன வருடம், அந்த நிலையத்தில் இப்போது அலுவலராக இருக்கிற முத்துச்செல்வி என்ற பெண் என் வீட்டைத் தேடி வந்தார். முப்பது வயதுக்குள். சீருடையில்தான் வந்தார். எட்டெட்டு மணி நேரமாக மூன்று அணி வேண்டும், அதற்கு மேல் நின்றால் சம்பளம் வேண்டும் என்று அவர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. இப்போதுள்ள முறையிலேயே ஊழியர்களுக்கு முறையாக ஓய்வு கிடைத்து வந்திருப்பதைப் பழைய பதிவேடுகள் காட்டுகின்றன என்று எழுதி, சில பக்கங்களின் நகலை இணைத்திருந்தார்கள்.

அவர் அந்த நகல்களை என் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்துன்னு சொன்னாங்க சார். எவ்வளவு அழகா இருக்கு! ஆரம்பத்துல ரெண்டு நாளைத் தவிர, பதினோரு வருசத்துல தொடர் பணியே இல்ல. ரெண்டே டிரைவரை வச்சிக்கிட்டு எப்படி சார் சமாளிச்சீங்க? எங்களால முடியலை. எங்க டிரைவர் ஒருத்தரு போன மாசம் அறுபது மணி நேரம் நின்னாரு. அந்த முறையை எங்களுக்குச் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

கேலியில்லை. நிஜமாகவே கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தார். எழுதிக்கொள்ள ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தார்.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். பாய், கிணறு, விசாரணை எல்லாவற்றையும் சொன்னேன். முத்துச்செல்வி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். காபி ஆறிப் படலம் கட்டிவிட்டது.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா சார்?" என்றார்.

நான் காபிப் படலத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு என் யோசனை புரிந்துவிட்டது. "பயப்படாதீங்க. ரிட்டையர் ஆனவங்க மேல நாலு வருசத்துக்கு முந்தின விஷயத்துக்கெல்லாம் இனிமே நடவடிக்கை எடுக்க முடியாது. உங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்; அந்தப் பெண் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் மிகவும் வெட்கப்பட்ட கணம் எது என்று கேட்டால், விசாரணை அறையைச் சொல்ல மாட்டேன். அந்த நிம்மதியைத்தான் சொல்வேன்.

எழுதிக் கொடுத்தேன். ஆறு பக்கம். அவர்கள் அதை, மனுவை விசாரிக்கிற குழுவின் முன் வைத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

எழுதிக் கொடுத்த மறுநாள் கயத்தாற்றுக்குப் போனேன். நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கிற இடத்தில் பாயின் மைத்துனர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பாய் அங்கேதான் பகலெல்லாம் இருப்பார் என்று சொன்னார்கள். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பழைய டயரின்மேல் கிடந்த துணியைத் தட்டிப் போட்டார்.

"இங்கன உக்காருங்க அண்ணாச்சி. டீ சொல்லுதேன்."

டீ வந்தது. நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "நல்லது. இப்பம் உள்ள பிள்ளையளுக்காவது ஆகட்டும்" என்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கண்ணாடித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க அன்னைக்கு அடிச்சுப் பேசியிருக்கலாமே பாய்" என்றும் கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பழியில் ஒரு துளியையாவது அவர் பக்கம் தள்ளப் பார்த்தேனோ என்னவோ.

"சொன்னேனே. வீட்டுக்குப் போகலன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

இரண்டு லாரிகள் கடந்து போயின. பிறகு அவராகவே சொன்னார்.

"சம்பளம் போனது போச்சு அண்ணாச்சி. அதை விடுங்க. நான் குடிச்சிட்டு ஓட்டுனேன்னு அந்த ஊருல இன்னைக்கும் சொல்லுதாவ. இங்கன லாரிக்காரன் ஒருத்தன் புதூர்க்காரன், அவன் சொன்னான். மூத்தவளுக்குப் பேசுன சம்பந்தம் அந்தப் பேச்சுலதான் முறிஞ்சது. கடம்பூர்க்காரவிய ஆள் விட்டுச் சொல்லிட்டாவ, குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு. அப்புறம் அவளுக்கு நாலு வருசம் கழிச்சித்தான் ஆச்சு. நீங்க குழுவுக்கு எழுதிக் குடுத்தீங்க. சரி. அந்த ஊருக்கு யாரு சொல்லுவா?"

அடுத்த நாள் காலை புதூர் பஸ்ஸில் ஏறினேன். பிரிவில் இறங்கி நடந்தேன். மத்தியான வெயில். மழை இல்லாத வருடம். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கருப்பசாமியின் வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறானாம். அவர் மனைவி மாரியம்மாள் ஆடு வளர்க்கிறார். குட்டிகள் கடிக்கத் தழைக் குழையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வந்த தீயணைப்பு வண்டியில இருந்தவன்மா" என்றேன்.

அவர் கை நின்றது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடிச்சிருந்தாருன்னுல்லா சொன்னாவ."

"இல்லம்மா. அவரு தொட்டதே கிடையாது. நாலு நாளாத் தூங்கல."

"தூங்காத ஆளை எதுக்கு வண்டியில ஏத்துனீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குழையைக் கட்டி முடித்தார். பிறகு ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு குழாயைப் பிடிச்சிக்கிட்டு, மேல நின்ன என்னையப் பாத்து, 'ஏட்டி, அழாத, வண்டி வருது, போன் போட்டாச்சுல்லா'ன்னாரு. கடைசி மட்டும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

கையில் ஒட்டிய தழையைத் தட்டிவிட்டு, "அந்த டிரைவருக்குப் போன் இருக்கா?" என்று கேட்டார். பாயின் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். போனை வாங்கிக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பாயும் இன்றுவரை சொல்லவில்லை. ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது முந்தானையால் போனைத் துடைத்துக் கொடுத்தார்.

"அவியள ஒரு நாள் வரச் சொல்லியிருக்கேன். ஊருல நானே சொல்லிக்கிடுதேன்" என்றார். பிறகு, "நீங்க வர வேண்டாம்" என்றார்.

கரிசல் காட்டில் வெயிலில் வந்து நிற்கிறவனுக்கு, அவன் பகையாளியாக இருந்தாலும், ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். வாசலில் நிறைகுடம் இருந்தது, மேலே செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.